இண்டி ரொக்கைத் திருகோணமலையில் மேடையேற்றுவது: குரல், ட்ரம்ஸ், கரண்ட், கச்சான் காற்று

கேள்வி, மே 4

நாங்கள் நாலு பேர். இரண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். உவர்மலையில் ஒத்திகை பார்க்கிறோம். எண்பது பேர் கொள்ளும் ஹோல் ஒன்று கிடைக்கும் போல இருக்கிறது. இண்டி ரொக் எல்லாம் கொழும்பில்தான் எடுபடும், இங்கத்தைய ஹோல்களில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்ப்பைப் பெரிதாக எடுத்தால் சரிவருமா அண்ணா?

மே 4, இரவு

பெரிதாக எடுத்தால் இன்னும் கெடும் தம்பி. 50 வொட் அம்ப்புக்குப் பதிலாக 100 வொட் வைத்தால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு அது கொஞ்சம் கூடின மாதிரித்தான் தெரியும். அந்த ஹோலில் உங்களுக்குக் காணாமல் போகப்போவது கிட்டார் அல்ல, பாட்டுக்காரரின் குரல்.

ட்ரம்ஸ் தானாகவே கேட்கும். கிட்டாருக்கும் பேஸுக்கும் அம்ப் இருக்கிறது. குரல் மட்டும் மைக்கையும் ஸ்பீக்கர் பொக்ஸையும் நம்பி நிற்கிறது. மைக்கை ஓரளவுக்கு மேல் திறந்தால் அது ‘கூ’ என்று கத்தத் தொடங்கும். அந்த இடம்தான் உங்கள் முழு பேண்டுக்கும் எல்லை. முதலில் குரல் எதுவரை ஏறும் என்று பாருங்கள். பிறகு மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே கொண்டுவாருங்கள். வழக்கமாக எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: ட்ரம்ஸ் சத்தத்துக்குக் கிட்டாரைக் கூட்டி, கிட்டாருக்குப் பேஸைக் கூட்டி, கடைசியில் குரலுக்கு இடமே இல்லாமல் போகிறது.

கொழும்புதான் வேண்டும் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஆர்.ஈ.எம். என்ற பேண்ட் 1980இல் தொடங்கியது அமெரிக்காவில், ஜோர்ஜியா மாநிலத்தின் ஏதன்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில். லோ என்ற பேண்ட் 1993இல் தொடங்கியது டுலூத் என்ற துறைமுக ஊரில். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் இருந்து வந்த பீட் ஹெப்பனிங்கிடம் பேஸ் கிட்டாரே கிடையாது. ட்ரம்ஸைப் பலமுறை மற்ற பேண்டுகளிடம் இரவல் வாங்கியே வாசித்தார்கள். துறைமுகமும் சின்ன ஹோலும் எங்களிடமும் இருக்கின்றன.

மே 5

நேற்று எழுதியதைச் செய்யும் ஒழுங்கு இது. சவுண்ட் பார்க்கும் நாளில் இதே வரிசையில் போங்கள்.

முதலில் மைக்கும் பொக்ஸும். இரண்டு பொக்ஸையும் பாட்டு மைக்குக்குக் குறைந்தது ஒன்றரை மீற்றர் முன்னால், சபையின் தலைக்கு மேலே ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பின்சுவரைப் பார்க்காமல் ஆட்களைப் பார்க்கிற மாதிரி உள்ளே திருப்புங்கள். மைக் சனலில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டனை அழுத்துங்கள். பிறகு ஆளை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, மெதுவாக ஏற்றிக்கொண்டு போங்கள். ஊளையிடத் தொடங்கும் சுரம் எது என்று கேட்டு, கிராபிக் ஈக்வலைசரில் அந்த ஒரு பட்டையை மட்டும் 3 டெசிபல் இறக்குங்கள். இரண்டாவது ஊளை வரும், அதையும் இறக்குங்கள். மூன்று, நான்கு பட்டையோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இறக்கினால் குரல் போர்வைக்குள் இருந்து பாடுவது மாதிரி ஆகிவிடும். கடைசியாக ஊளையிட்ட இடத்தில் இருந்து 6 டெசிபல் கீழே வந்து, பேடரின் (மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) பக்கத்தில் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது ட்ரம்ஸ், குரலோடு சேர்த்து. பாட்டின் மிகச் சத்தமான பகுதியை வாசித்துப் பாருங்கள். குரல் அமுங்கினால் பேடரைத் தொடாதீர்கள், ட்ரம்ஸை மாற்றுங்கள்.

மூன்றாவது பேஸ். கிக் ட்ரம்மின் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) அடி நெஞ்சில் தெரிகிற அளவுக்கு மேல் போகக் கூடாது.

கிட்டார் கடைசி. அம்ப்பை நிலத்தில் வைத்தால் சத்தம் வாசிப்பவரின் முழங்காலைத்தான் அடிக்கும். தனக்குக் கேட்கவில்லை என்று அவர் கூட்டிக்கொண்டே போவார், முன்வரிசையில் இருப்பவரின் காது கிழியும். ஒரு கதிரையில் ஏற்றிப் பின்னால் சாய்த்து, வாசிப்பவரின் காதைப் பார்க்க வையுங்கள். மேடையின் ஓரத்தில் வைத்துக் குறுக்கே திருப்பினால் இன்னும் நல்லது. பாதிக் கிட்டார் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

மே 5, சற்றுப் பிறகு

ஒன்று விட்டுப்போனது. பாவிக்காத மைக் எல்லாவற்றையும் மூடி வையுங்கள். திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஊளைக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறையும். பின்குரலுக்கென்று இரண்டு மைக் வைத்துவிட்டு ஒரு பாட்டுக்கு மட்டும் பாடுவதென்றால், அந்த ஒரு பாட்டுக்கு ஒரே மைக்கில் இரண்டு பேர் நின்று பாடுங்கள். பார்ப்பதற்கும் அழகு.

கேள்வி, மே 9

ஹோலில் ஒத்திகை பார்த்தோம். மேலே தகரக் கூரை, கீழே சீமெந்து. ஸ்நேரை அடித்தால் மூன்று முறை கேட்கிறது. ட்ரம்ஸ் வாசிப்பது என் தங்கச்சி. மெதுவாக வாசி என்றால் “அப்ப அது ரொக்கே இல்லை” என்கிறாள்.

மே 9

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெதுவாக வாசிக்கச் சொன்னால் தாளத்தின் உயிர் போய்விடும். அடியின் வேகத்தைக் குறைக்காமல் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு வழி பல.

ஸ்நேரின் மேல்தோலில், விளிம்பில் இருந்து இரண்டு விரல் தள்ளி, மடித்த டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். போதாவிட்டால் இன்னொன்று. கிக் ட்ரம்முக்குள் ஒரு தலையணை, அடிக்கும் தோலை இலேசாகத் தொடுகிற மாதிரி. ஹோலில் அதிகம் இரைவது சிம்பல்கள்தான். கிராஷ் ஒன்று போதும், இரண்டு வேண்டாம். 5ஏ தடிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ரொட்ஸ் எடுத்தால் அதே கை வேகத்தில் சத்தம் நன்றாக இறங்கும். ஹை-ஹற்றை (காலால் திறந்து மூடும் சோடிச் சிம்பல்) பாதி திறந்து வைத்து முழுப் பாட்டையும் ஓட்டுவதுதான் குரலைக் கொல்லுகிற முதல் எதிரி. பாட்டு வரும் வரிகளில் மூடுங்கள், இசை மட்டும் வரும் இடத்தில் திறவுங்கள். பிக்ஸீஸ் 1986இல் பொஸ்டனில் தொடங்கியதில் இருந்து எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தது இதைத்தான்: வரியை ஒடுக்கினால்தான் பல்லவி வெடிக்கும்.

தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மோ டக்கர் கிக் ட்ரம்மைக் கிடையாக வைத்து, நின்றுகொண்டு மாலெற்றால் அடித்தார். லோவின் மிமி பார்க்கரும் நின்றபடிதான் வாசித்தார், கையில் பெரும்பாலும் பிரஷ், முன்னால் ஒரு சில உருப்படிகள் மட்டும். ஜீசஸ் அன்ட் மேரி செயினுக்கு 1980களின் நடுவில் பொபி கிலெஸ்பி வாசித்தது ஒரு ஸ்நேரும் ஒரு தரை டொம்மும். மூன்றும் ரொக் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முழு செட்டையும் முச்சக்கரவண்டியில் ஏற்ற முடியாத நாளுக்கும் இந்த இரண்டு ட்ரம் ஏற்பாடு கைகொடுக்கும்.

மே 10

தகரக் கூரைக்கும் சீமெந்துக்கும் மருந்து துணியும் ஆட்களும். எண்பது பேர் வந்து நின்றால் நேற்றுக் கேட்ட எதிரொலியில் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே வெறும் ஹோலில் கேட்டதை வைத்துப் பயப்படாதீர்கள். சவுண்ட் பார்க்கும்போது குரல் கொஞ்சம் வறட்சியாகக் கேட்க வேண்டுமென்றும் சரிசெய்யாதீர்கள், ஆள் நிறைந்ததும் உயர் ஒலி இன்னும் குறையும்.

துணி தொங்கவிடுவதென்றால் மேடைக்கு நேர் எதிரே இருக்கும் பின்சுவரில் தொங்கவிடுங்கள், மேடைக்குப் பின்னால் அலங்காரத்துக்குப் போடுவதால் பெரிய பலன் இல்லை. மெல்லிய துணி பிரயோசனமில்லை. கம்பளி, பழைய திரைச்சீலை, மெத்தை உறை போல கனமானது வேண்டும். சுவரோடு ஒட்டாமல் அரை அடி இடைவெளி விட்டுத் தொங்கட்டும். ட்ரம்ஸுக்கு அடியில் தரைவிரிப்பு ஒன்று கட்டாயம். ஒலிக்காக மட்டும் அல்ல, கிக் ட்ரம் வழுக்கி முன்னால் போகாமல் இருக்கவும்.

கிடுகுக் கூரை போட்ட இடம் கிடைத்தால் தகரக் கூரை ஹோலை விட்டுவிட்டு அங்கே போங்கள். கிடுகு ஒலியைத் திருப்பி அடிக்காது, உடைத்துச் சிதற விடும். உப்புவெளிப் பக்கத்துக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளின் கொட்டில்கள் இந்த இசைக்கென்றே கட்டியது போல இருக்கின்றன.

கேள்வி, மே 14, வேறொரு வாசகர்

சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். கோயில், கலியாணம், இசைக்குழு என்று எல்லாம் செய்கிறேன். குரலுக்கு எக்கோ போடாதே என்று இப்போதைய பெடியன்கள் சண்டை பிடிக்கிறார்கள். எக்கோ இல்லாவிட்டால் குரல் மொட்டையாக நிற்கும் அல்லவா?

மே 14

அண்ணன், நீங்கள் வந்து எழுதியது பெரிய உதவி. இசைக்குழுவில் ஓர்கனும் ஒக்டபாடும் நேரே உங்கள் மிக்சருக்குள் வருகின்றன. மேடையில் சத்தமே இல்லை, எல்லாம் உங்கள் கையில். இந்தப் பெடியன்களின் சத்தத்தில் முக்கால்வாசி மேடையிலேயே பிறந்துவிடுகிறது, உங்கள் பேடருக்கு அது கட்டுப்படாது. அதற்குள் குரலின் எக்கோவும் சேர்ந்தால் சொல் ஒன்றும் விளங்காது. தகரக் கூரை ஹோல் தானாகவே எக்கோ போடுகிறது, அதற்கு மேல் இன்னொன்று வேண்டாம்.

வெளியில், கடற்கரையில் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. அங்கே சுவரே இல்லை, குரல் உண்மையில் மொட்டையாக நிற்கும். 100 மில்லிசெக்கனுக்குக் கிட்ட ஒரே ஒரு திரும்பல், குரலை விட நன்றாகக் கீழே. பல்லவியில் மட்டும் கொஞ்சம் றிவர்ப்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்க வேண்டும். மொனிட்டரை, அதாவது மேடையில் இருப்பவருக்குக் கேட்க வைக்கும் பொக்ஸை, எங்கே வைக்கிறீர்கள்? எஸ்எம்58 போன்ற கார்டியோயிட் மைக் பின்பக்கத்தில், நேரே 180 பாகையில் காதை மூடிக்கொள்ளும், அதற்கு மொனிட்டர் பாடுபவருக்கு நேர் முன்னால் வரலாம். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியோயிட் மைக்குக்கு அந்த இடம் ஏறத்தாழ 126 பாகை, அதாவது பின்பக்கத்து இரண்டு ஓரங்கள். அந்த மைக்கில் பாடுபவருக்கு நேர் முன்னால் மொனிட்டர் வைத்தால் வீணாக ஊளையிடும். இரண்டு மொனிட்டரை இரண்டு பக்கமும் சாய்த்து வைக்க வேண்டும். பாடுபவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கு எல்லாம் போய்விடும், எந்த மைக்கும் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும். ஸ்டைலுக்காகப் பொத்துபவருக்கு ஸ்டாண்டிலேயே மைக்கை வைத்துப் பாடச் சொல்லுங்கள்.

கேள்வி, மே 15

மை பிளடி வலன்டைன் பேண்டைக் கேட்கிறவர்களுக்கு இது ஏன் அண்ணா? அங்கே குரல் கிட்டாருக்குள் மூழ்கித்தானே கிடக்கிறது?

மே 15

நல்ல கேள்வி. 1991இல் வந்த அவர்களின் இசைத்தட்டை எத்தனை பேர் எங்கே கேட்டாலும் மயங்குவதற்குக் காரணம், அந்த மூழ்கல் ஒவ்வொரு அடுக்காகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டது. அவர்களின் கெவின் ஷீல்ட்ஸ் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரின் ட்ரெமலோ கைப்பிடியைக் கையை விட்டு விடாமல் பிடித்தபடியே ஸ்ட்ரம் பண்ணுவார். சுரம் முழுவதும் ஏறி இறங்கி அலையும். யமஹா எஸ்பிஎக்ஸ்90 என்ற இஃபெக்ட் கருவியின் தலைகீழ் றிவர்ப் அதற்கு மேல். குரல் தாழ இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஹோலில் தற்செயலாக மூழ்கும் குரல் அப்படி அல்ல, ஒரு வரி வரும், அடுத்த வரி போய்விடும்.

நீங்கள் தமிழில் பாடுகிறீர்கள், சபை அந்தப் பாட்டை முதல்தரம் கேட்கிறது. தமிழில் ஆர், எப்போது என்பதெல்லாம் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. ‘வந்தேன்’, ‘வந்தாய்’, ‘வந்தாள்’ மூன்றுக்கும் முதல் பாதி ஒன்றுதான். வரியின் கடைசி அசையில் கிராஷ் அடித்தால் அந்த வால் அறுந்து, வந்தது யார் என்றே தெரியாமல் போகும். ‘-து’, ‘-க்கு’ என்று முடியும் வரிகள் இன்னும் மோசம், அந்தக் குறுகின உகரத்தை எந்த சிம்பலும் விழுங்கிவிடும். ஆகவே வரி முடிந்த பிறகு, அடுத்த தாளத்தில் கிராஷ். நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் ஆ, ஏ, ஓ வருகிற மாதிரி வரியை எழுதுங்கள். இ, உ குறிலில் நீட்டினால் குரல் மெலிந்துவிடும்.

சென்னையில் 2017இல் தொடங்கிய காஸ்ட்லெஸ் கலெக்டிவைக் கேளுங்கள். பறையும் சட்டி மேளமும் மின் கிட்டாரும் ஒரே மேடையில் அடிக்கின்றன, கானாவின் சொல் ஒன்றும் தவறுவதில்லை. தாளம் சொல்லுக்கு இடம் விட்டு அடிக்கப்படுகிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

மே 21

கிட்டார்க்காரர் இருவருக்கும் சில குறிப்பு.

இருவரும் ஒரே இடத்தில் ஒரே கோர்ட் பிடித்தால் அது ஒரு கிட்டாரின் சத்தம் கூடினது மாதிரித்தான். ஒருவர் கீழே முதல் மூன்று பிரெட்டுக்குள் இருந்தால் மற்றவர் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) ஐந்திலோ ஏழிலோ போட்டு, அதே கோர்ட்டை வேறு வடிவத்தில் பிடிக்கட்டும். ஸ்மித்ஸின் ஜோனி மார் ஒரே ஆளாக நின்று ஒரு கூட்டமே வாசிப்பது போலக் கேட்பது, கோர்ட்டை மொத்தமாக அடிக்காமல் கம்பி கம்பியாகப் பிரித்து ஓட்டுவதால். டிஸ்டோர்ஷன் வீட்டில் கேட்டதில் பாதி போதும். அதிகம் போட்டால் அடியின் முனை மழுங்கி, ஹோலில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். உங்கள் முதல் கேள்வியில் வந்த அந்த இரைச்சலில் பெரும் பங்கு இதுதான்.

வாசித்ததைத் திருப்பி ஒலிக்கும் டிலே பெடலைப் பாட்டின் வேகத்துக்குச் சரிசெய்யுங்கள். 60,000ஐ நிமிடத் தாள எண்ணிக்கையால் பிரித்தால் ஒரு தாளத்தின் மில்லிசெக்கன் வரும். 120 என்றால் 500. அதன் முக்கால், அதாவது 375, வைத்து எட்டாகப் பிரித்து வாசித்தால் திரும்பல் இடைவெளிக்குள் விழுந்து, இரண்டு கை கூடினது போல ஓடும். ட்ரம்ஸ் வேகம் கூடினால் இது உடனே குழம்பும், தங்கச்சிக்கு மொனிட்டரில் அந்தக் கிட்டார் கேட்க வேண்டும்.

அமெரிக்கன் புட்பால் என்ற பேண்டின் வழியில் வாசிக்க விருப்பமென்றால் தாழ்ந்த கம்பியில் இருந்து எப், ஏ, சி, ஜி, சி, ஈ என்று ட்யூன் பண்ணுங்கள். மாற வேண்டியது மூன்று கம்பிதான்: ஆறாவது அரைச் சுரம் மேலே, நாலாவது ஒரு முழுச் சுரம் கீழே, இரண்டாவது அரைச் சுரம் மேலே. மேடையில் நடுவில் மாற்றினால் கம்பி நிலைக்க நேரம் எடுக்கும். அந்த ட்யூனிங் பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள், அல்லது இரண்டாவது கிட்டார் ஒன்றைத் தயாராக வையுங்கள். சோனிக் யூத் ஊர்தி நிறையக் கிட்டார் கொண்டு திரிந்தது இந்தக் காரணத்தால்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ட்யூனிங்கில் இருந்தது. 1999 ஜூலையில் அந்த ஊர்தியே களவு போனபோது, அந்தந்தக் கிட்டாருக்கென்று பிறந்த பாட்டுகளும் ஆட்டம் கண்டன.

பேஸ்: மேலே, பத்தாவது பிரெட்டைத் தாண்டி மெட்டு வாசிக்கப் பயப்படாதீர்கள். ஜோய் டிவிஷனில் பீட்டர் ஹுக் மேலே ஏறினது, மோசமான அம்ப்பில் கீழே வாசித்தால் தனக்கே கேட்காததால் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குறைபாட்டில் இருந்து பிறந்த ஒலிதான் இன்றைக்கும் பாதி பேண்டுகளின் பேஸ்.

மே 22

கடற்காற்றும் கம்பியும். இங்கே பூசாத நிக்கல் கம்பி திறந்து கிடந்தால் விரைவில் கறுத்து, விரலில் பிசுபிசுக்கும். வாசித்து முடித்த உடனே உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியில் இருந்தும் நசித்துத் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு மூடி வையுங்கள். பூச்சுள்ள கம்பி விலை கூட, ஆனால் கடற்கரை ஊருக்கு அது கட்டும். ஜக்கில் ‘கரகர’ வந்தால் கொன்டக்ட் கிளீனரைத் துளி அடித்து ப்ளக்கைப் பத்துத்தரம் போட்டுக் கழற்றுங்கள். வோல்யூம் குமிழுக்கும் அப்படித்தான். டபிள்யூடி-40 அடிக்க வேண்டாம்.

கேள்வி, ஜூன் 2

கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் வாய் பட்டால் கரண்ட் அடிக்கிறது. எர்த் பின்னை வெட்டினால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார்.

ஜூன் 2, உடனே

வெட்டாதீர்கள். யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். இது ஆள் சாகும் விஷயம்.

கிட்டாரின் கம்பி அம்ப் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. மைக்கின் வலைத்தலை மிக்சர் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் ப்ளக் பண்ணியிருந்து, ஒன்றில் எர்த் சரியாக இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் வொல்டேஜ் நிற்கும். அதை இணைக்கும் வயர் உங்கள் உதடும் கையும். எர்த்தை வெட்டினால் அந்தப் பக்கம் முழுவதும் கரண்டோடு நிற்கும்.

செய்ய வேண்டியது இது. மல்டிமீற்றரை ஏசி வொல்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வையுங்கள். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். சில வொல்டுக்கு மேல் காட்டினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய கட்டிடங்களில் இரண்டு துளை மட்டும் உள்ள ப்ளக் பேஸ் இருக்கும், அதில் எர்த்தே கிடையாது, அதைத் தொடாதீர்கள். அம்ப், மிக்சர், பெடல் எல்லாவற்றுக்கும் ஒரே நல்ல ப்ளக் பேஸில் இருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் அந்த வரிசையில் இருக்க வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். சுருள் எக்ஸ்டென்ஷனை முழுவதும் விரித்துப் போடுங்கள், சுருட்டியபடி இழுத்தால் சூடேறி உருகும்.

ஜூன் 3

கரண்ட் கணக்கு. 13 அம்பியர் ப்ளக் பேஸ் ஒன்று 230 வொல்டில் ஏறத்தாழ 3,000 வொட் தரும். நாலு பேர் பேண்டுக்கும் இரண்டு பவர்ட் பொக்ஸுக்கும் அது தாராளம். பிரச்சினை அளவில் இல்லை, கூட்டாளியில். அதே லைனில் பிரிட்ஜ், விளக்கு டிம்மர், பான் இருந்தால் ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டாரில் ‘ர்ர்ர்’ என்று வரும். விளக்குக்கு ஒரு லைன், சத்தத்துக்கு ஒரு லைன். பிறகும் இரைந்தால் கிட்டார்க்காரர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பார்க்கட்டும், இரைச்சல் மறையும் திசை ஒன்று இருக்கும், அந்தத் திசையில் நிற்கட்டும். ஜெனரேட்டர் என்றால் இன்வெர்ட்டர் வகை எடுங்கள். காற்று போகும் பக்கத்தில், தூரத்தில்.

கேள்வி, ஜூன் 18

ஹோல் சரிவரவில்லை. உப்புவெளியில் கடற்கரையில் செய்யலாம் என்று யோசிக்கிறோம். ஓகஸ்ட்.

ஜூன் 18

நல்ல முடிவு. ஓகஸ்டில் எங்கள் பக்கக் கடல் அமைதி, மழையும் குறைவு. ஒக்டோபருக்குப் பிறகு வாடை தொடங்கினால் திறந்த வெளியை நினைக்கவே வேண்டாம்.

முதலில் திசை. கச்சான் (தென்மேற்குக் காற்று) கரையில் இருந்து கடலைப் பார்த்து வீசும். மேடையின் முதுகு தெருவுக்கும் முகம் கடலுக்கும் இருக்கட்டும், சபை நடுவில் நிற்கும். காற்றுப் போகிற திசையில் ஒலி நிலத்தோடு வளைந்து நன்றாகப் போகும், காற்றுக்கு எதிரே மேலே வளைந்து போய்விடும். உங்கள் ஆட்களுக்குத் தெளிவாகக் கேட்கும், பின்னால் இருக்கும் வீடுகளுக்குக் குறையும். மைக்குகளுக்கு ஸ்பொஞ்ச் உறை கட்டாயம், காற்று ட்ரம்ஸ்காரியின் முதுகில் இருந்து வந்து மைக்கில் ‘புஸ்’ என்று அடிக்கும்.

மணலில் ட்ரம்ஸ் நிற்காது. 8க்கு 4 அடி, 18 மில்லிமீற்றர் ப்ளைவூட் தகடு இரண்டைப் பக்கம் பக்கமாகப் போட்டு, கீழே குறுக்குச் சட்டம் இரண்டு வைத்து ஆணி அடியுங்கள், மேலே விரிப்பு. பெடல்போர்டை நிலத்தில் வைக்காதீர்கள், கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் வையுங்கள். ஒரு மணல் துகள் சுவிட்சுக்குள் போனால் அந்தப் பெடல் அன்றைக்கு முடிந்தது. மிக்சருக்கு பொலித்தீன் விரிப்பு பக்கத்தில் இருக்கட்டும், இரவில் பனி ஈரம் இறங்கும்.

வெளியில் பேஸ் காணாமல் போகும், உள்ளே சுவர் கொடுத்த உதவி இங்கே இல்லை. அதற்காகக் குமிழைத் திருகாமல், தாழ்ந்த ஒலிக்கான சப் பொக்ஸ் இரண்டையும் ஒன்றாக, நடுவில், தரையில் வையுங்கள். பிரித்து வைப்பதை விட அது வலிமையாக வரும்.

ஜூன் 19

அனுமதி. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். கடிதத்தில் எந்த நேரம் எழுதியிருக்கிறதோ அதற்கு அரை மணி முன்னால் கடைசிப் பாட்டை வையுங்கள். போயா நாளையும் பரீட்சைக் காலத்தையும் தவிருங்கள். பக்கத்துக் கோயிலில் திருவிழா இருக்கிறதா என்று ஐயரிடம் நேரே போய்க் கேளுங்கள். மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் சவுண்ட் பார்ப்பதை நிறுத்துங்கள். பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே போய் எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் முடித்தால் அடுத்தமுறை அவர்களே கதிரை கொண்டுவந்து போடுவார்கள்.

ஜூலை 5

இரண்டு மூன்று பேண்ட் சேர்ந்தால் ட்ரம்ஸ் செட்டும் பேஸ் அம்ப்பும் பொது. ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் ஒவ்வொருவரும் தம்முடையது கொண்டுவர வேண்டும், உடையக்கூடியது அவைதான். ஆளுக்கு 30 நிமிடம், ஏழு பாட்டு. மாறுவதற்கு 15 நிமிடம். இறங்கும் பேண்ட் மேடையிலேயே வயர் சுருட்டி நிற்கக் கூடாது, எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு கீழே போய்ச் சுருட்ட வேண்டும். கடைசியாக வாசிக்கும் பேண்ட் முதலில் சவுண்ட் பார்க்கட்டும், முதலில் வாசிப்பவர்கள் கடைசியாக. அப்படியென்றால் அவர்களின் சாமான் மேடையிலேயே ஆயத்தமாக நிற்கும்.

காசு: சவுண்ட், ட்ரம்ஸ், போக்குவரத்துச் செலவை முதலில் கழித்து, மிச்சத்தைச் சமமாகப் பிரியுங்கள். யார் பெரிய பேண்ட் என்று பேசத் தொடங்கினால் அடுத்த நிகழ்ச்சி நடக்காது. டிக்கெட்டை மலிவாக வையுங்கள். புகாசி என்ற பேண்ட் இருந்த காலம் முழுவதும் முடிந்த இடமெல்லாம் ஐந்து டொலர், எந்த வயதினரும் வரலாம் என்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர முடியாத இடத்தில் அடுத்த பேண்ட் எப்படி முளைக்கும்?

கேள்வி, ஜூலை 6

காதுக்கு ஏதாவது வேண்டுமா? அம்மா கேட்கச் சொன்னா.

ஜூலை 6

அம்மா சரியாகக் கேட்டிருக்கிறா. 85 டெசிபலை எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்பது கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான். கிராஷுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒத்திகையிலேயே அதைத் தாண்டிவிடுவார். ஸ்பொஞ்ச் அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் அது வேலை செய்யாது. தங்கச்சிக்குத்தான் முதலில் வாங்குங்கள், ஒத்திகை நாளிலும் போடட்டும். வாசலில் ஒரு டப்பா நிறைய வைத்து வருபவர்களுக்கும் கொடுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பொக்ஸுக்குப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.